பூனைகளை உட்காரவைக்கத் தெரிந்தவன் எழுதுவது

சேசு மரி சூசை துணை

ஃப்ரேசர் டவுன், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மௌரீன் அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடைசித் தம்பி ஹெர்பர்ட் வணங்கி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு நானும் குளோரியாவும் மணப்பெண் சோஃபியாவும் நலம். மல்லேஸ்வரத்தில் தாங்களும், தங்கள் முழங்காலும், தங்கள் ரோஜாத் தொட்டிகளும் நலமாயிருக்கும்படி தினமும் செபமாலையில் ஒரு மணியைத் தங்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். இந்தப் பத்தியோடு ‘தாங்கள்’ போதும் அக்கா. இனி ‘நீ’ என்றே எழுதுகிறேன். தாங்கள் தாங்கள் என்று எழுதினால் பேங்கில் லோனுக்கு மனு போடுகிற மாதிரி இருக்கிறது.

ஒரே ஊரில் இருந்துகொண்டு ஸ்பீட் போஸ்டில் கடிதமா என்று நீ கேட்பாய். வேறு என்ன செய்வது? கல்லறைத் திருநாளிலிருந்து நீ எங்கள் எல்லோருடைய நம்பரையும் பிளாக் செய்துவைத்திருக்கிறாய். சரி, நேரில் பார்த்துவிடலாம் என்று போன வாரம் இரண்டு பஸ் மாறி வந்தேன். உன் வீட்டு வேலைக்காரப் பெண் கேட்டைத் திறக்காமலே “மேடம் மனேலில்லா” என்றாள். வீட்டில் இல்லாத மேடம் உள்ளே இருமியது எனக்கு நன்றாகவே கேட்டது. இருமலுக்குத் துளசியும் மிளகும் போட்டுக் கஷாயம் வைத்துக் குடி.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை சோஃபியாவுக்குக் கல்யாணம். நீ அவளுக்கு ஞானத்தாய். ஞானஸ்நானத்தன்று அவள் கத்திய கத்தலில் சாமியாரே பயந்துபோனபோது, பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிச் சமாதானப்படுத்தியவள் நீ. “அத்தை வரலைன்னா நான் கேக் வெட்ட மாட்டேன் டாடி” என்று அவள் பிடிவாதமாகச் சொல்கிறாள். யாரைப் போல என்று நான் சொல்லவேண்டியதில்லை. நீயோ அழைப்பிதழைத் திருப்பி அனுப்பி, பின்னால் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய்: ‘எரிக் உட்காரும் மேஜையில் நான் உட்கார மாட்டேன்.’ அக்கா, அந்தக் கவலையை இன்றோடு விட்டுவிடு. தீர்த்துவிட்டேன். நாற்பது வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்து, அசெம்பிளியில் வானரங்களை எல்லாம் உயர வரிசையில் நிறுத்தியவனுக்கு ஒரு மேஜை எம்மாத்திரம்?

உன் பக்க நியாயம் எனக்குப் புரியவில்லை என்று நீ நினைத்துவிடக்கூடாது, அதனால் நடந்ததை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். எரிக் அண்ணன் யாரையும் கேட்காமல் அம்மா கல்லறைக்கு டைல்ஸ் ஒட்டினார். ஒட்டியது தப்பில்லை. அந்த டைல்ஸில் டால்ஃபின் குதித்ததுதான் தப்பு. கல்லறைத் திருநாளன்று நீ செவ்வந்தி மாலையும் மெழுகுவத்தியுமாக ஹோசூர் ரோடு கல்லறைக்கு வந்து பார்த்துவிட்டு, “அம்மாவ பாத்ரூம்லயாடா புதைச்ச? ஆயுசுல அவ கடலையே பாத்ததில்லடா!” என்று கத்தியதில், பக்கத்துக் கல்லறைகளில் செபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வந்து டால்ஃபினை எட்டிப் பார்த்தார்கள். மிச்ச டைல்ஸை அண்ணன் ஈஜிபுரா வீட்டுக் குளியலறையில் ஒட்டியிருக்கிறார் என்பது அப்புறம் உனக்குத் தெரியவந்து, கோபம் இரண்டு மடங்காயிற்று. எல்லாம் நியாயம்தான். நான் உன் கட்சி.

இப்போது தீர்வு. அதற்கு முன்னால் பூனைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். ரிட்டயர் ஆன பிறகு எனக்கு பிரஷர் ஏறியது. டாக்டர், “சார், நீங்க எல்லாத்தையும் விசில் அடிச்சு சரி பண்ணப் பாக்கறீங்க, கொஞ்சம் ரிலாக்ஸ் பண்ணுங்க” என்றார். உடனே சோஃபியா என் போனில் ஒரு பூனை விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். ஒரு அறை. அதில் சோபா, ஜன்னல் மேடை, கார்ப்பெட், காலி அட்டைப்பெட்டி. ஆறு பூனைகள் நிற்கும். ஒவ்வொன்றும் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லும். ‘எனக்கு ஜன்னல் வேண்டும்’ என்று ஒன்று. ‘சாம்பல் பூனை பக்கத்தில் உட்கார மாட்டேன்’ என்று இன்னொன்று. ‘யார் சாப்பிட்டாலும் நான் எதிரில் இருக்கவேண்டும்’ என்று ஒரு குண்டுப் பூனை. யோசித்து, விரலால் தூக்கி, அதனதன் இடத்தில் விடவேண்டும். எல்லாம் சரியாக உட்கார்ந்துவிட்டால் ஆறும் சேர்ந்து ‘குர்ர்’ என்று உறுமும், போன் கையில் சுகமாக அதிரும். தப்பாக வைத்தால் மணி அடிக்காது, மார்க் குறையாது, அந்தப் பூனை லேசாக முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அவ்வளவுதான். நேரக் கெடு கிடையாது, தோல்வி கிடையாது. ஆரம்பத்தில் எனக்குப் பிடிக்கவே இல்லை. தோற்கிறவன் இல்லாமல் என்ன விளையாட்டு? ஆனால் போகப்போக அந்த முகம் திருப்பல் இருக்கிறதே, அதைத் தாங்க முடியவில்லை. அதிலும் ஒரு வெள்ளைப் பூனை கூப்பிட்டால்கூடத் திரும்பாது.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே, அந்த வெள்ளைப் பூனையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உன் ஞாபகம்தான். ஈஸ்டர் அன்று கோயில் வாசலில் உன் வலது பக்கமாக வந்து நின்று, “அக்கா, அக்கா, ஹேப்பி ஈஸ்டர்க்கா” என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். நீ பூக்காரியையே பார்த்துக்கொண்டு நின்றாய். கர்வம் நம் குடும்பச் சொத்து அக்கா. பாகம் பிரித்தபோது உனக்குக் கொஞ்சம் தாராளமாக அளந்துவிட்டார்கள். எனக்கு வருத்தம் இல்லை. தம்பி என்ற உரிமையில் சொல்கிறேன்.

அந்த விளையாட்டில் இன்னொரு பூனை உண்டு. அது எதுவுமே கேட்காது. அதன் தலைக்கு மேல் வெறும் மூன்று புள்ளிதான் இருக்கும். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் தவித்தபோது சோஃபியா சொன்னாள்: “அத கடைசில வைங்க டாடி. மத்ததெல்லாம் உக்காந்தப்புறம் மிச்சம் இருக்கற இடம்தான் அதோட இடம். ஒரே ஒரு விடைதான் இருக்கும்.” அன்றிலிருந்து எந்தக் கட்டத்திலும் நான் திணறியதில்லை. இப்போது நான் நிபுணர் கட்டத்தில் இருக்கிறேன். பிரஷரும் இறங்கியிருக்கிறது. பால்தான் அடிக்கடி பொங்கி அடுப்பில் வழிகிறது, அதற்கு குளோரியா போடுகிற சத்தத்தில் இறங்கிய பிரஷர் திரும்ப ஏறுகிறது.

பூனை கோயிலில் கத்திய கதை உன் காதுக்கு வேறு விதமாக வந்திருக்கும். உண்மை இதுதான். நான் பிரசங்கத்தின்போது ஆடவில்லை. பூசை தொடங்குமுன் ஒரு கட்டம் ஆடி, பாதியில் சட்டைப் பையில் வைத்தேன். நெடுநேரம் தொடாமல் விட்டால் பூனைகள் நம்மைக் கூப்பிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சாமியார் நற்கருணையைத் தூக்கிக் காட்டி, எழுந்தேற்ற மணியும் அடித்து, கோயில் முழுக்க ஒரு இருமல்கூட இல்லாத அந்த நேரத்தில், என் பையிலிருந்து ‘மியாவ்’ என்று ஒரு குரல். கோயில்பிள்ளை உடனே ஒட்டடைக் குச்சியோடு வந்து பெஞ்சுகளுக்கு அடியில் தேட ஆரம்பித்தார். ஒவ்வொரு வரிசையிலும் எல்லோரும் காலைத் தூக்கினார்கள். எங்கள் வரிசை வந்தபோது நானும் தூக்கினேன். பூனை இரண்டாம் முறை கத்தியபோதுதான் குளோரியா என்னைப் பார்த்தாள். பூசை முடிந்து சாமியார் வாசலில் என் தோளைத் தட்டி, “மாஸ்டர், அடுத்த வாரம் அத வீட்லயே விட்டுட்டு வாங்க” என்றார். அவ்வளவுதான் நடந்தது. நான் காணிக்கைப் பெட்டிக்குள் பூனை வைத்திருந்தேன் என்பது வதந்தி.

அன்று மத்தியானமே எனக்குப் புத்தி வேலை செய்தது. கல்யாண ரிசப்ஷனில் மேடைக்கு எதிரே குடும்ப மேஜை, ஆறு நாற்காலி. விளையாட்டிலும் ஆறு பூனை. இதைவிட என்ன வேண்டும்? நீ, நான், குளோரியா, எரிக் அண்ணன், குளோரியாவின் தம்பி டிரேவர், நீலசந்திராவிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா அப்பாதுரை. மாப்பிள்ளை நரேஷுக்கு அம்மா இல்லை என்பது உனக்குத் தெரியும். நான் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, “யார் பக்கத்துல உக்கார இஷ்டமில்ல? தயங்காம சொல்லுங்க” என்று கேட்டேன். அக்கா, இதில் ஒரு அதிசயத்தைப் பார். நான் கேட்கும்வரை யாருக்கும் யார்மேலும் ஒன்றும் இல்லை. கேட்டவுடன் ஒவ்வொருவருக்கும் ஒரு ஆள் ஞாபகம் வந்தது. டிரேவர், “அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல மாமா” என்று தொடங்கி, சற்று யோசித்து, “ஆனா எரிக் அண்ணன் வேணாம். கிறிஸ்மஸ்ல நான் பாடறப்ப அவரு தூங்கினாரு” என்றான். குளோரியா, தம்பி மைக்கைப் பிடுங்கப் போனால் கிள்ளுவதற்கு வசதியாக அவன் பக்கத்தில் வேண்டும் என்றாள். என் பக்கத்தில் வேண்டாமாம், நான் பூனை ஆடுவேனாம். சம்பந்தி மட்டும் நிதானமாக, “நமக்கு எங்க போட்டாலும் ஓகே சம்பந்தி. ஆனா வாசல் தெரியணும். யாரு வந்தாங்க, யாரு வரலன்னு நாளைக்கு ஏரியால கேப்பாங்க இல்ல?” என்றார். எரிக் அண்ணனிடம் கேட்டேன். “எனக்கென்னடா, எங்க வேணா போடு” என்று போனை வைத்துவிட்டார். மூன்று புள்ளிப் பூனை!

போனில் இருக்கும் பூனைகளுக்கு நம் ஆட்களின் பெயரை வைக்க முடியாது என்பதால், பரணிலிருந்து கிறிஸ்மஸ் குடில் பொம்மைகளை இறக்கிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். மனைவி என்பதால் குளோரியாவுக்கு மாதா. எனக்கு சூசையப்பர். சம்பந்திக்குப் பொன் கொண்டுவரும் ராஜா. உனக்கு வானத்துச் சம்மனசு, ஒரு இறக்கை மட்டும் ஃபெவிகால் போட்டது. டிரேவருக்கு ஒட்டகம். எரிக் அண்ணனுக்குக் கழுதை. உன் கட்சிக்காரன் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? இதில் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. டிரேவர் வீட்டுக்கு வந்து, “இது யாரு மாமா, ஒட்டகம்?” என்று கேட்டான். நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். அவன் இரண்டு நாள் சாப்பிட வரவில்லை. பிறகு ஒட்டகத்துக்குக் கழுத்து நீளம், பாட்டுக்கு அது நல்லது என்று எடுத்துச் சொல்லிச் சமாதானம் செய்தேன். நம்பிவிட்டான்.

அடுத்தது ஒத்திகை. இன்று காலை பூசை முடிந்ததும் எங்கள் ஹாலில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலியை வட்டமாகப் போட்டு, உனக்கும் அண்ணனுக்கும் பதிலாக ஆளுக்கொரு தலையணையை வைத்து, என் பழைய விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். சம்பந்திக்கு நம் சபை வழக்கம் தெரியாதல்லவா, நான் விசில் அடிக்கும்போதெல்லாம் பயபக்தியோடு எழுந்து நின்றார். அதுவரை எல்லாம் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. டிரேவர் சும்மா இருக்காமல், மணமக்களை வாழ்த்திக் கிளாஸ் தூக்கும்போது பாடுகிற டோஸ்ட் பாட்டைப் பாடிப் பார்க்கிறேன் என்று ஆரம்பித்தான். வட்டமாக நாற்காலி, யாரோ பாடுகிறார்கள், கையில் விசிலோடு பி.டி. மாஸ்டர். நம் பங்குத் திருவிழா நாற்காலிப் போட்டியில் பிறந்து வளர்ந்த கால்கள் அக்கா, அவை யாரைக் கேட்கும்? குளோரியா தன்னையறியாமல் எழுந்து நாற்காலிகளைச் சுற்ற ஆரம்பித்தாள். டிரேவர் பாடிக்கொண்டே சுற்றினான். சம்பந்தியும் இதுவும் ஒரு சடங்கு என்று நினைத்துப் பின்னாலேயே சுற்றினார். “நிறுத்துங்க!” என்று நான் விசில் அடித்தேன். அதுதான் தப்பு. பாட்டு நின்றது, மூன்று பேரும் நாற்காலிக்குப் பாய்ந்தார்கள். சம்பந்தியும் குளோரியாவும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார, அதன் கால் முறிந்து, இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். சம்பந்தி வேட்டியைத் தட்டிக்கொண்டே, “பரவால்ல, பரவால்ல. யாரு ஜெயிச்சது?” என்று கேட்டார். நியாயமாகப் பார்த்தால் உன் தலையணைதான். அண்ணனின் தலையணை கீழே உருண்டுவிட்டது, கடைசிவரை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது அது ஒன்றே.

நீ இதைத் தோல்வி என்று நினைக்காதே. அந்தக் கலவரத்தின் நடுவில்தான் எனக்கு விடை பளிச்சென்று தெரிந்தது. கல்யாண ஹாலில் கை கழுவும் இடத்துக்கு முன்னால் ஒரு பெரிய தூண் இருக்கிறதல்லவா? அதற்குப் பின்னால் ஒரு சின்ன மேஜை போட்டு எரிக் அண்ணனை அங்கே உட்காரவைத்துவிட்டேன், அதாவது மிளகுப் பொடி டப்பாவைத் தூணாக வைத்து அதன் பின்னால் கழுதையை வைத்துவிட்டேன். அங்கிருந்து அவருக்கு மேடை தெரியாது. ஆனால் பிரியாணி தெரியும். எங்கே வேண்டுமானாலும் போடு என்றவர்தானே. மற்றவர்கள் எல்லாம் கேட்டபடியே உட்கார்ந்தாயிற்று. குளோரியா கிள்ளும் தூரத்தில் டிரேவர், வாசலைப் பார்த்தபடி சம்பந்தி, உன் வலது பக்கம் நான். உன் இடது பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். அதில் உன் கைப்பையை வைத்துக்கொள். நீ தலையைத் திருப்பினாலும், எழுந்து நடந்தாலும், எரிக் அண்ணனின் மீசைகூட உன் கண்ணில் படாது. தம்பி கியாரண்டி.

ஆகவே அக்கா, மறுப்புச் சொல்லாமல் சனிக்கிழமை காலை பூசைக்கே வந்துவிடு. அந்த மாம்பழக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு வா. கல்யாண மாப்பிள்ளை என்றும் பாராமல் நரேஷே காரோடு உன் கேட்டில் நிற்பான். மேடம் மனேலில்லா என்று சொன்னால் அவன் நம்பிவிடுவான், பாவம், நல்ல பையன். குளோரியா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். சோஃபியா முத்தம் சொல்லச் சொன்னாள். டிரேவர், உனக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்கச் சொன்னான், பதில் எழுதாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது. என் தலையில் உன் கையை வைத்து ஆசீர்வதித்ததாக நினைத்துக்கொண்டு, மாதா உன் முழங்காலைக் காக்கும்படி வேண்டி முடிக்கிறேன்.

உன் பாசமுள்ள தம்பி,
ஹெர்பர்ட்

பி.கு.: திங்கட்கிழமை காலை, கவரை ஒட்டப்போகும் நேரத்தில் எரிக் அண்ணன் வந்தார். டோஸ்டுக்காக வீட்டிலேயே போட்ட திராட்சை ஒயினைக் கேனில் கொண்டுவந்திருந்தார். மேஜைமேல் பொம்மைகளைப் பார்த்துவிட்டு, “சம்மனசு யாருடா?” என்றார். மௌரீன் அக்கா என்றேன். “பக்கத்துல ஏன் யாருமில்ல?” என்றார். நானும் தைரியமாக, “அவளுக்குத் திமிரு அண்ணே. ஈஸ்டருக்குப் பக்கத்துல நின்னு கூப்ட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல” என்றேன். அண்ணன் ஒயின் கேனைக் கீழே வைத்தார்.

“எந்தப் பக்கம் நின்னு கூப்ட்ட?”

“வலது பக்கம்.”

“அந்தக் காது அவளுக்குக் கேக்காதுடா, மடையா. நீ அப்ப தொட்டில்ல இருந்த. எங்க ரெண்டு பேருக்கும் பொன்னுக்கு வீங்கி வந்து ஒரே பாயில படுத்துக் கிடந்தோம். எனக்குக் கன்னத்து வீக்கம் வத்துச்சு, அவளுக்குக் காது போச்சு. அம்மாவுக்குத் தெரிஞ்சா அழுவா, யார்ட்டயும் சொல்லாதன்னா. சொல்லல.”

அக்கா, நினைத்துப் பார்க்கிறேன். கோயில் பெஞ்சில், பஸ்ஸில், அம்மாவின் அடக்கத்தன்று குழியோரத்தில், எங்கே பார்த்தாலும் அண்ணன் உன் இடது பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். இத்தனை காலம் நான் அதைப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைப் பூனைகளுக்குச் சில சமயம் காது கேட்காது என்று சோஃபியா இப்போதுதான் சொல்கிறாள். இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. பொம்மைகளில் அவர் எது என்று அண்ணன் கேட்கவே இல்லை. மிளகுப் பொடி டப்பாவுக்குப் பின்னாலிருந்து கழுதையைத் தானாகவே எடுத்தார். எடுத்துச் சம்மனசின் இடது பக்கத்தில் வைத்தார். “அவ என்னோட பேச வேணாம்னா வேணாம்டா. ஆனா டோஸ்ட் சொல்றப்ப எப்ப கிளாஸத் தூக்கணும்னு அவளுக்கு யாரு சொல்லுவா? ஊரே தூக்கி நிக்கறப்ப அவ மட்டும் உக்காந்திருக்கணுமா?” என்றார். சொல்லிவிட்டு, எப்போதோ குடித்து முடித்த காப்பி டம்ளரை எடுத்து மறுபடி குடித்தார்.

ஆகவே மேலே நான் எழுதியது எல்லாம் ரத்து. தூண் ரத்து, கியாரண்டி ரத்து, கர்வத்தைப் பற்றி எழுதிய பத்தி ரத்து. அதை அடித்துவிட்டுப் புதிதாக எழுத வீட்டில் காகிதம் இல்லை, தபாலாபீசுக்குப் போகிற பக்கத்து வீட்டு ரக்ஷிதா வாசலில் அவசரப்படுகிறாள். காது விஷயம் எனக்குத் தெரியும் என்று உன்னிடம் காட்டிக்கொள்ளக்கூடாது என அண்ணன் சத்தியம் வாங்கியிருக்கிறார், அதனால் இந்தப் பின்குறிப்பை மட்டும் நீ படிக்காத மாதிரி இருந்துகொள். டைல்ஸை மாற்றச் சொல்லிக் கேட்டும் பார்த்தேன். மாட்டாராம். அம்மாவுக்குக் கடல் பார்க்க ஆசையாம், கூட்டிப்போகிறேன் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியே இருந்துவிட்டாராம். திட்டவேண்டுமானால் சனிக்கிழமை நீயே நேரில் வந்து திட்டிக்கொள் அக்கா. அவர் பதில் சொன்னால் உனக்குக் கேட்கிற பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.